கோலாலம்பூரில் பிறந்து கிரிக்கெட்டையே தொழிலாக்க முடியுமா? அருள் சுப்பையா பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

பூச்சோங் பாலா | திங்கள், இரவு 9.20

வணக்கம் மக்களே. மகன் படிவம் இரண்டு படிக்கிறான், பதினான்கு வயது. இடது கை சுழற்பந்து வீசுவான். அவன் பள்ளியில் காற்பந்துதான் எல்லாம். கிரிக்கெட் என்பது சனிக்கிழமைச் சங்கதி. ஆனாலும் பையனுக்கு அதுதான் உயிர். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவன், "அப்பா, நான் கிரிக்கெட்டைத்தான் வேலையாகச் செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா என்னைப் பார்க்கிறார், நான் ரசத்தைப் பார்க்கிறேன்.

டெண்டுல்கர் கதை, அஸ்வின் கதை எல்லாம் எனக்கும் தெரியும். அவர்கள் ஊர் வேறு, அங்கே இருக்கும் வழி வேறு. நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோலாலம்பூரில் பிறந்த பிள்ளை யாராவது கிரிக்கெட் ஆடியே சம்பளம் வாங்கி வாழ்ந்திருக்கிறாரா? அருள் சுப்பையா என்று ஒரு பெயரை மாமாக் உணவுக்கடையில் ஒருவர் சொன்னார். தெரிந்தவர்கள் எழுதுங்கள். "முதலில் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) முடியட்டும்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே மூன்று வேளையும் கிடைக்கிறது.

செந்தூல் செல்வம் | திங்கள், இரவு 10.45

பாலா, சரியான பெயரைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதுவும் உங்கள் மகன் இடது கை சுழற்பந்து என்கிறீர்கள். அருளும் அதே ரகம்தான். இடது கையில் வீசுவார், வலது கையில் மட்டை பிடிப்பார்.

1983-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்கப் போய்விட்டார். மில்ஃபீல்டு என்ற பள்ளி, அப்புறம் எக்ஸிடர் பல்கலைக்கழகம். மில்ஃபீல்டு இருப்பது சாமர்செட்டில். விளையாட்டுக்குப் பேர்போன பள்ளி. அங்கிருந்து சாமர்செட் கவுன்டி அணிக்கு (கவுன்டி என்றால் நம்ம ஊர் மாநில அணி மாதிரி) வந்து, 2002-இல் முதல் ஆட்டம் ஆடினார். இடையில் மலேசிய அணிக்கும் ஆடியிருக்கிறார்.

எல்லோரும் சொல்வது 2011 ஜூலை 5 பற்றித்தான். கார்டிஃபில் கிளாமர்கன் அணிக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டம். அருள் வீசியது 3.4 ஓவர். கொடுத்தது 5 ரன். எடுத்தது 6 விக்கெட். நான்காவது ஓவரை முடிக்கவே முடியவில்லை, எதிரணி 98 ரன்னில் சுருண்டுவிட்டது. 22 பந்தில் 5 ரன் என்றால் எத்தனை பந்தில் ஆள் ஒன்றுமே அடிக்காமல் நின்றிருப்பான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு அது உலக சாதனை. உள்ளூர், சர்வதேசம், ஐ.பி.எல். என்று எதைச் சேர்த்தாலும் இருபது ஓவர் கிரிக்கெட்டில் அதைவிட நல்ல பந்துவீச்சுக் கணக்கு இல்லை. அதற்கு முன்பு ஐ.பி.எல்லின் முதல் வருடத்தில் சோகைல் தன்வீர் 14 ரன்னுக்கு 6 எடுத்திருந்தார். எந்த அணிக்கு எதிராக என்று சொன்னால் இங்கே பாதிப் பேருக்கு வயிறு எரியும். நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ்தான்.

பினாங்கு பையன் | செவ்வாய், காலை 7.05

செல்வம் அண்ணே, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இது கவுன்டி ஆட்டம்தானே? இங்கிலாந்துக்கு அவர் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியதில்லை. "உலக சாதனை" என்று நாம் ஏற்றிவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. பாலா அண்ணன் மகனுக்குத் தேவை சர்வதேச வீரராகும் வழி.

செந்தூல் செல்வம் | செவ்வாய், மதியம் 1.10

ஏற்றிவிடவில்லை தம்பி. சாதனைப் பட்டியலில் இருபது ஓவர் ஆட்டங்கள் அனைத்தையும் ஒன்றாகத்தான் கணக்கெடுப்பார்கள், சர்வதேச ஆட்டங்களுக்குத் தனிப் பட்டியலும் உண்டு. அருளின் 6/5, அதாவது 5 ரன்னுக்கு 6 விக்கெட், முதல் பட்டியலில் எட்டு வருடம் உச்சியில் இருந்தது. 2019 ஆகஸ்டில் லெஸ்டர்ஷயரின் காலின் ஆக்கர்மன் 18 ரன்னுக்கு 7 எடுத்த பிறகுதான் இறங்கியது.

ஆனால் நீங்கள் கிளப்பிய விஷயம் நல்ல விஷயம். "சர்வதேச வீரர்" வேறு, "தொழில்முறை வீரர்" வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பாலா கேட்டது சம்பளம் வாங்கி வாழ முடியுமா என்று. அதற்குப் பதில் நாட்டு அணியில் இல்லை, உள்ளூர்ப் போட்டியில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 18 கவுன்டி அணிகள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆட்டம், பயணம், பயிற்சி. நான்கு நாள் ஆட்டம், ஒரு நாள் ஆட்டம், இருபது ஓவர் என்று மூன்று வகையும் உண்டு. நாட்டுக்கு ஒருமுறைகூட ஆடாமலே பத்து, பதினைந்து வருடம் அதில் குடும்பம் நடத்தியவர்கள் ஏராளம். அருள் செய்ததும் அதைத்தான்.

2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல்தர ஆட்டங்களில், அதாவது நான்கு நாள் ஆட்டங்களில், அந்த ஒரே பருவத்தில் ஆயிரம் ரன்னுக்கு மேல் அடித்தார். சாமர்செட்டில் அப்போது எதிர்முனையில் தொடக்க ஆட்டக்காரராக நின்றவர் மார்கஸ் டிரெஸ்கோதிக். ஜஸ்டின் லாங்கர் கேப்டன். சின்னப் பையனாக ஜோஸ் பட்லர் வந்து சேர்ந்துகொண்டிருந்தார். 2010-இலும் 2011-இலும் நம்ம சென்னையில் பிறந்த முரளி கார்த்திக், அவரும் இடது கை சுழல். அந்தக் கூட்டத்தில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது என்ன லேசுப்பட்ட காரியமா? பந்துவீச்சாளர் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆள், மழை, குளிர், பச்சைப் புல் ஆடுகளம், புதுப் பந்து எல்லாவற்றையும் எதிர்த்து நான்கு நாள் ஆட்டத்தில் தொடக்க வீரராக நின்றவர். எனக்கு அந்த 6/5-ஐவிட இந்த ஆயிரம் ரன்தான் பெரிது. 6/5 ஒரு மாலைப் பொழுது. இது ஆறு மாத உழைப்பு.

அந்த அணிக்கு ராசிதான் கொஞ்சம் மட்டம். 2009, 2010, 2011 மூன்று வருடமும் இருபது ஓவர் கோப்பை இறுதியாட்டத்தில் தோல்வி. 2010-இல் ஹாம்ப்ஷயருடன் ரன் சமம், விக்கெட் அதிகம் இழந்ததால் கோப்பை போயிற்று. அதே வருடம் கவுன்டி சாம்பியன்ஷிப்பிலும் நாட்டிங்ஹாம்ஷயருடன் புள்ளிகள் சமம், வெற்றி எண்ணிக்கையில் பின்தங்கி இரண்டாம் இடம். 2011 சாம்பியன்ஸ் லீக்கில் சேப்பாக்கம் வரை வந்து அரையிறுதியில் மும்பையிடம் 10 ரன்னில் தோற்றார்கள். சாமர்செட் ரசிகனாக இருக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

பூச்சோங் பாலா | செவ்வாய், மாலை 6.30

செல்வம் அண்ணே, மகனிடம் படித்துக் காட்டினேன். "அவர் இப்போ எங்கே ஆடுகிறார்?" என்றான்.

செந்தூல் செல்வம் | செவ்வாய், இரவு 9.00

ஆடவில்லை. 2013-இல் முழங்கால் காயத்தால் ஓய்வு பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. இதையும் மகனிடம் படித்துக் காட்டுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் உடம்புதான் முதலாளி, அது எப்போது கடையைச் சாத்தும் என்று யாருக்கும் தெரியாது. அருள் பல்கலைக்கழகம் போனவர். அம்மா சொல்லும் எஸ்.பி.எம். விஷயத்தை நான் இதற்கு மேல் இழுக்கவில்லை.

கிள்ளான் கணேசு | செவ்வாய், இரவு 10.20

எல்லாம் சரி, ஏன் எல்லோரும் இங்கிலாந்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்? எங்கள் கிள்ளான் பண்டமாரானில் நடந்ததை யாரும் சொல்லவில்லையே!

2023 ஜூலை 26, பாயுமாஸ் ஓவல் திடல். மலேசியாவும் சீனாவும். உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்று. சியாஸ்ருல் இட்ருஸ் 4 ஓவரில் 8 ரன் கொடுத்து 7 விக்கெட். ஏழும் போல்டு! கேட்ச் கிடையாது, எல்.பி.டபிள்யூ. கிடையாது, நடுவரைப் பார்த்துக் கத்த வேண்டிய வேலையே இல்லை. சீனா 23 ரன்னுக்கு ஆல் அவுட். ஆண்கள் இருபது ஓவர் சர்வதேச ஆட்டத்தில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுதான் முதல் முறை.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். செல்வம் சொன்ன அந்தப் பட்டியலில் ஆக்கர்மன் 7/18-ஐ முந்தி அன்றைக்கு உச்சிக்குப் போனது நம்ம சியாஸ்ருல். 2011-இல் சாதனை செய்த அருள் மலேசியாவில் பிறந்தவர், 2023-இல் செய்த சியாஸ்ருல் மலேசியாவுக்காகவே ஆடியவர். கார்டிஃப் போகவில்லை, மில்ஃபீல்டு போகவில்லை. கிள்ளான் போனார்.

பினாங்கு பையன் | செவ்வாய், இரவு 10.41

கணேசு அண்ணே, எதிரணி சீனா. அவர்களுக்குக் கிரிக்கெட் மட்டையும் துடைப்பமும் ஒன்று. 😄

கிள்ளான் கணேசு | செவ்வாய், இரவு 10.48

ஸ்டம்புக்கு எதிரில் யார் நிற்கிறார் என்று தெரியாது தம்பி. ஏழு முறை நேராக யார்க்கர் லெங்தில் போட்டு ஸ்டம்பைச் சாய்த்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

செந்தூல் செல்வம் | புதன், காலை 6.50

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் இருபது ஓவர் சர்வதேசத் தகுதி கொடுத்துவிட்டது. அதனால்தான் மலேசியா-சீனா ஆட்டம் பதிவேட்டில் ஏறுகிறது. விரன்தீப் சிங் மாதிரி ஒரு மலேசியப் பையன் உலகப் பட்டியல்களில் பெரிய பெரிய பெயர்களுக்கு நடுவில் வருவதும் அதனால்தான். ஷர்வின் முனியாண்டி என்று நம்ம பெயர் திரையில் வருவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். வாய்ப்பு கூடியிருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் என் கேள்வி வேறு. அந்த ஆட்டம் முடிந்து அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள்? தன்னைவிட நல்ல ஆட்டக்காரனை வாரா வாரம் எதிர்கொண்டால்தான் திறமை வளரும். கவுன்டியில் அது கிடைக்கிறது. இங்கே கிளப் ஆட்டத்தில் ஒரு வாரம் நல்ல அணி வரும், மறு வாரம் ஒன்பது பேர்தான் வருவார்கள், பத்தாவது ஆள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார். சாதனை உள்நாட்டிலும் வரலாம். தொழிலுக்கு வலுவான உள்ளூர்ப் போட்டி வேண்டும், அது நம்மிடம் இன்னும் இல்லை. ஆண்கள் அணி இதுவரை ஒரு உலகக் கோப்பைக்கும் போகாததற்கு நான் சொல்லும் காரணமும் அதுதான்.

பாடாங் தாத்தா | புதன், காலை 10.15

பிள்ளைகளா, 2011-ஐ ஏதோ பழங்காலம் மாதிரி பேசுகிறீர்கள். கோலாலம்பூரில் பிறந்து வெளியூர் போய்ப் பெயர் வாங்கியவர்களில் மூத்தவர் லால் சிங். 1909-இல் இங்கே பிறந்த சீக்கியர். இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டம் 1932 ஜூன் 25-இல் லார்ட்ஸில் தொடங்கியது அல்லவா? அந்தப் பதினோரு பேரில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இருந்தார் என்பது இந்தியாவில் கிரிக்கெட் பேசுகிறவர்களுக்கே பலருக்குத் தெரியாது.

அன்று காலை நடந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்து மட்டை பிடிக்கிறது. முகமது நிசார் வந்த வேகத்தில் சட்கிளிஃபையும் ஹோம்ஸையும் போல்டாக்கிவிட்டார். அடுத்து ஃபிராங்க் வூலி. பெரிய ஆட்டக்காரர், நின்றால் நாள் முழுக்க நிற்பார். ஒரு ரன்னுக்கு ஓடினார்கள். லால் சிங் பந்தை அள்ளி எறிந்தார், வூலி ரன் அவுட். இங்கிலாந்து 19-க்கு 3. புதிதாக வந்த அணி என்று பார்க்க வந்த கூட்டம் வாயடைத்திருக்கும். அப்புறம் இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் நின்று 79 அடித்துக் காப்பாற்றினார் என்பது வேறு.

இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது லால் சிங் 29. அமர் சிங்கோடு சேர்ந்து எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன், அதுவும் சுமார் 40 நிமிடத்தில். அமர் சிங் 51. இந்தியாவின் முதல் டெஸ்ட் அரைச்சதம் அது. ஆட்டம் 158 ரன் வித்தியாசத்தில் போயிற்று. லால் சிங்குக்கு அதுவே முதல் டெஸ்ட், அதுவே கடைசி டெஸ்ட்.

பிறகு இந்தியாவில் தெற்குப் பஞ்சாப் அணிக்கு ஆடினார். கடைசியில் இதே கோலாலம்பூருக்குத் திரும்பி, 1985-இல் இங்கேயே காலமானார். மெர்டேக்கா சதுக்கத்தில் இப்போது கொடிக்கம்பத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள் பாருங்கள், அந்தப் பாடாங்தான் அந்தக் காலத்துச் சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் திடல்.

அந்தக் காலத்திலும் வழி இதேதான், செல்வம். இங்கே பிறந்தவன் வெளியே போனால்தான்.

மலர் பட்டர்வொர்த் | புதன், மாலை 4.05

எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண்கள் பக்கம் ஒரு பார்வை.

2018-இல் மகளிர் ஆசியக் கோப்பை கோலாலம்பூரில் நடந்தது. இந்தியாவுக்கு எதிராக நம் அணி 27-க்கு ஆல் அவுட். மித்தாலி ராஜ் ஒருவரே 97 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். 2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பை இங்கே நடந்தபோது நம் பிள்ளைகள் இந்தியாவிடம் 31-க்கு ஆல் அவுட். வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு 5 ரன்னுக்கு 5. எண்களைப் பார்த்தால் அழுகைதான் வரும்.

ஆனால் அந்த இந்திய அணியில் கமலினி என்று மதுரைப் பொண்ணு ஒருத்தி. பதினாறு வயது. அந்தப் போட்டிக்கு வருவதற்கு முன்பே மும்பை இந்தியன்ஸ் மகளிர் அணி அவளை 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்துவிட்டது. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56. இரண்டு பக்கமும் பதின்ம வயதுப் பிள்ளைகள்தான். ஒரு பக்கம் கையில் ஒப்பந்தம், இன்னொரு பக்கம் மறுநாள் பள்ளிக்கூடம். செல்வம் அண்ணன் சொல்லும் உள்ளூர்ப் போட்டிக் கதை இங்கே இன்னும் பச்சையாகத் தெரிகிறது.

நம்மிடமும் வினிஃபிரட் துரைசிங்கம் இருக்கிறார், மலேசிய அணியைப் பல வருடம் வழிநடத்தியவர். அவர் பெயரை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிள்ளான் கணேசு | புதன், இரவு 8.30

மலர், உண்மை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகன் ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்தார்கள், கடைசியில் ஆறு பந்து வீசச் சொன்னார்கள். "கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

இழை நிர்வாகி | புதன், இரவு 8.52

கணேசு அவர்கள் பெயர் எதையும் குறிப்பிடாததால் பதிவு அப்படியே இருக்கிறது. இதன் கீழ் "எந்த முகாம், எந்த இனம், யார் சிபாரிசு" என்று தொடங்கிய நான்கு பதில்கள் நீக்கப்பட்டன. கிரிக்கெட்டுக்கு வாங்க.

பினாங்கு பையன் | புதன், இரவு 9.30

கின்ராரா ஓவல் திடலை யாரும் சொல்லவில்லையே. பாலா அண்ணே, உங்கள் பூச்சோங்தான். 2006-இல் டெண்டுல்கர் அங்கே வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 அடித்தார். 2008 மார்ச் 2-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டமும் அங்கேதான். கேப்டன் விராட் கோலி, அணியில் ஜடேஜா. தென்னாப்பிரிக்காவை 12 ரன்னில் ஜெயித்தார்கள். கோலி முதன்முதலில் உலகக் கோப்பையைத் தூக்கியது பூச்சோங்கில்! நிலம் மேம்பாட்டுக்காரர் கைக்குப் போய், அந்தத் திடலே இப்போது இல்லை. உள்ளூர்ப் போட்டி வேண்டும் என்கிறோம், முதலில் திடல் வேண்டாமா?

பூச்சோங் பாலா | புதன், இரவு 10.10

அந்தப் பக்கம்தான் தினமும் வேலைக்குப் போகிறேன் தம்பி. வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். அனுப்பி வைக்க எனக்கு மில்ஃபீல்டு வசதி கிடையாது. நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டையே ஆயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. இங்கே இருந்துகொண்டே அடுத்த இரண்டு, மூன்று வருடத்தில் என்ன செய்யலாம்?

செந்தூல் செல்வம் | வியாழன், காலை 7.15

மட்டையில் காசைக் கொட்டாதீர்கள். பந்துவீச்சாளனுக்குக் காசு போக வேண்டிய இடம் நல்ல தோல் பந்து. பழைய டென்னிஸ் பந்தில் வீசிப் பழகினால் தையலில் விரல் பிடிப்பு வராது.

அடுத்தது பாய். நம் பள்ளித் திடல்களில் சிமென்டு மேல் பாய் விரித்துத்தான் ஆடுகிறோம். பாயில் பந்து நன்றாக எழும்பும், நன்றாகத் திரும்பும். சுழற்பந்து வீசுகிற பிள்ளை கொஞ்சம் குட்டையாகப் போட்டாலும் மட்டையாளன் நெஞ்சு உயரத்துக்குப் பந்து வரும், அவன் தடுமாறுவான், விக்கெட் விழும். பிள்ளை அதையே பழக்கமாக்கிக்கொள்வான். அதே பந்தைப் புல் ஆடுகளத்தில் போட்டால் இடுப்புக்குக் கீழே வந்து நிற்கும், பின்காலில் போய் எல்லைக்கு அனுப்பிவிடுவான். நம் பிள்ளைகள் வெளிநாட்டு அணியிடம் அடி வாங்குவதில் பாதி இந்தக் கதைதான். அதனால் மகனைப் பாயில் வீசும்போதே முழு லெங்தில், அதாவது பந்து மட்டையாளனுக்குப் பக்கத்தில் விழுந்து அவன் முன்காலில் வந்து ஆடும்படி வீசச் சொல்லுங்கள். விக்கெட் குறையும். குறையட்டும். "ஏன் விக்கெட் எடுக்கவில்லை?" என்று நீங்களும் கேட்கக் கூடாது, பயிற்சியாளரும் கேட்கக் கூடாது.

மூன்றாவது, மட்டையும் பிடிக்கட்டும். அருளுக்குக் கவுன்டியில் இடம் நிலைத்தது இரண்டும் தெரிந்ததால்தான் என்பது என் கணிப்பு. வெறும் இடது கை சுழல் என்றால் முரளி கார்த்திக் வந்த அன்றே வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொழில் ஆகுமா என்ற கேள்விக்கு இப்போது யாராலும் பதில் சொல்ல முடியாது. பதினேழு வயதில் பெரியவர்கள் ஆட்டத்தில், புல் ஆடுகளத்தில், ஒரு முழுப் பருவம் தாக்குப்பிடிக்கிறானா என்று பாருங்கள். தாக்குப்பிடித்தால் அப்போது வெளிநாட்டு கிளப் ஆட்டம், உதவித்தொகை பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்பு வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்.

பாடாங் தாத்தா | வியாழன், காலை 9.40

செல்வம் சொன்னதோடு பீல்டிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லால் சிங் பெயர் லார்ட்ஸில் முதலில் பேசப்பட்டது மட்டையால் அல்ல.

பூச்சோங் பாலா | வியாழன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் முழு இழையையும் படித்தார். "மலர் எழுதியது மட்டும்தான் உருப்படி" என்று தீர்ப்பு வந்திருக்கிறது. மகன் நேற்றிலிருந்து முழு லெங்த், முழு லெங்த் என்று வீட்டுக்குள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருக்கிறான். செல்வம் அண்ணே, உங்கள் கிளப் வலைப்பயிற்சிக்கு அழைத்து வரலாமா?

செந்தூல் செல்வம் | வியாழன், இரவு 8.40

ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. இடம் எங்கே என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன். காலில் ஸ்பைக்ஸ் வேண்டாம், பாய் கிழிந்தால் செயலாளர் என்னைக் கிழிப்பார். கால் பேட், கையுறை கிளப்பில் இருக்கிறது. அடிவயிற்றுக் கார்டு மட்டும் சொந்தமாகக் கொண்டு வரட்டும்.